லாபத்துக்குப் பதில் ஜாதிபத்திரி

மாமியார் பேரில் ஒரு டீமேட் கணக்கு, மச்சான் பேரில் ஒன்று, பங்குச் சந்தை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பாட்டி பேரில் ஒன்று எனத் திறந்து வைத்துக்கொண்டு, ஐ.பி.ஓ. வரும்போதெல்லாம் அலாட்மெண்ட் விழ வேண்டுமென்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் பெருமக்களுக்கு வணக்கம். உங்கள் குலத்தின் மூத்த குடி யார் தெரியுமா? மும்பை தலால் தெருக்காரர்கள் இல்லை. நியூயார்க் வால் ஸ்ட்ரீட்காரர்களும் இல்லை. கடல் மட்டத்துக்குக் கீழே ஊரைக் கட்டிவிட்டு, ராத்திரி பகலாகத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்த டச்சுக்காரர்கள். கடலோடு தகராறு செய்தே பழகியவர்கள் என்பதால், காசைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்கள் என்றதும் பெரிதாக மிரளவில்லை. வருடம் 1602.

எல்லாவற்றுக்கும் காரணம் மிளகு. அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாப்பாட்டை வாயில் வைக்க மிளகு வேண்டும். பணக்காரன் என்று காட்டிக்கொள்ள ஜாதிக்காயும் கிராம்பும் வேண்டும். அவை விளைகிற ஊர்களுக்குக் கடல்வழி போர்ச்சுக்கல்காரனுக்குத்தான் அத்துப்படி. வரைபடத்தை வெளியாள் கண்ணில் காட்டாமல் நூறு வருடம் காலம் தள்ளியிருந்தான். கோவா ஆர்ச்பிஷப்பிடம் செயலாளராக வேலை பார்த்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சு இளைஞன், சம்பளத்தை ஆர்ச்பிஷப்பிடம் வாங்கிக்கொண்டு, வழித்தடக் குறிப்புகளை எல்லாம் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். ஊர் திரும்பியதும் 1590-களின் நடுவில் அத்தனையையும் அச்சுப் போட்டு விற்றும்விட்டான். ஸ்பெயினுக்கும் போர்ச்சுக்கல்லுக்கும் அப்போது ஒரே ராஜா. அந்த ராஜாவோடு டச்சுக்காரர்களுக்குச் சண்டை. ஆகவே லின்ஸ்கோட்டன் செய்தது திருட்டுக் கணக்கில் வராமல் தேசபக்திக் கணக்கில் வந்தது.

வழி தெரிந்ததும் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் சிலர் சேர்ந்து 1595-ல் நான்கு கப்பல்களை அனுப்பினார்கள். தலைமை தாங்கிப் போனவர்களில் ஒருவன் கோர்னெலிஸ் டி ஹௌட்மன். ஆசாமி வாயைத் திறந்தால் வம்பு. ஜாவாவில் பாண்டன் துறைமுகத்தில் இறங்கியவன் உள்ளூர்க்காரர்களிடம் சண்டை போட்டு ஜெயிலுக்குப் போனான். பணம் கட்டி மீட்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 250 பேர் போனதில் 90 பேர்கூட உயிரோடு திரும்பவில்லை. கொண்டுவந்த மிளகு போட்ட செலவைச் சரிக்கட்டியதோடு சரி. இத்தனைக்குப் பிறகும் அவனையே இன்னொரு கப்பலில் அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் கம்பெனி நிர்வாகம். 1599-ல் சுமத்ராவின் அச்சேயில் மறுபடி வாயைத் திறந்தான். அங்கே கடற்படைத் தலைவியாக இருந்தவர் மலஹயாதி என்ற பெண்மணி. அவர் கையாலேயே ஹௌட்மன் கதை முடிந்தது என்று அச்சேக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அதே 1599-ல் வான் நெக் என்ற இன்னொரு தளபதி கப்பல் நிறைய மிளகோடும் கிராம்போடும் ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்கினார். அந்தப் பயணத்தில் போட்ட காசுக்கு 400 சதவீதம் லாபம் என்று பேச்சு. செத்தவர்கள் கணக்கு அன்றோடு மறந்துபோனது. நாலு கில்டர் சேர்ந்தவனெல்லாம் கப்பல் கம்பெனி தொடங்கினான். ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, அதற்குப் போட்டியாக இன்னொன்று, ரோட்டர்டாமில் ஒன்று, மிடில்பர்கில் ஒன்று. ஒரு பயணத்துக்கு ஒரு கம்பெனி: காசு சேர்ப்பார்கள், கப்பல் போகும், வரும், சரக்கை விற்றுப் பங்கு பிரிப்பார்கள், கம்பெனியை மூடுவார்கள். சில வருடங்களில் அறுபதுக்கும் மேல் கப்பல்கள் போயின. விளைவு என்ன? பாண்டன் சந்தையில் ஒரு டச்சுக்காரன் மிளகுக்கு விலை கேட்டால் பக்கத்தில் நிற்கிற இன்னொரு டச்சுக்காரன் அதற்கு மேல் கேட்டான். அங்கே விலை ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டியதால் இங்கே விலை இறங்கியது. நடுவில் போர்ச்சுக்கல்காரன் வேடிக்கை பார்த்தான்.

இது அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஓல்டன்பார்னவெல்ட் என்ற மூத்த அரசியல்வாதி எல்லாக் கம்பெனிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றாகச் சேருங்கள் என்றார். வணிகர்கள் சேருவார்களா? ஆம்ஸ்டர்டாம் எங்களை விழுங்கிவிடும் என்று ஸேலாந்து மாகாணத்துக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். கடைசியில் நம் ஊர்க் கூட்டணியில் தொகுதி பிரிப்பதுபோல ஒரு கணக்குப் போட்டார்கள். தலைமைக் குழுவில் ஆம்ஸ்டர்டாமுக்கு 8 இடம், ஸேலாந்துக்கு 4, டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹைசன் நகரங்களுக்குத் தலா 1. கூட்டினால் 16. ஆம்ஸ்டர்டாம் நினைத்ததெல்லாம் நடந்துவிடக் கூடாதே! ஆகவே 17-வது இடம் ஆம்ஸ்டர்டாம் தவிர மற்றவர்களுக்குச் சுழற்சி முறையில். இப்படியாக ‘பதினேழு கனவான்கள்’ பிறந்தார்கள். 1602 மார்ச் 20 அன்று ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வியாபாரம் செய்ய 21 வருட ஏகபோகம். கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், சண்டை போடலாம், அங்குள்ள ராஜாக்களோடு ஒப்பந்தம் போடலாம். இவ்வளவையும் ஒரு மளிகைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஓல்டன்பார்னவெல்டை, 1619-ல், எழுபதைத் தாண்டிய வயதில், வேறொரு சண்டையில் தேசத்துரோகி என்று சொல்லி அந்த நாடே தலையை வெட்டியது. அது தனிக்கதை.

பட்டயத்தின் 10-வது பிரிவுதான் நமக்கு வேண்டியது. இந்த நாட்டில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் இந்தக் கம்பெனியில் பணம் போடலாம். இவ்வளவுதான் போட வேண்டும் என்று கீழ் வரம்பும் கிடையாது, மேல் வரம்பும் கிடையாது. லண்டன்காரர்கள் இதற்கு ஒரு வருடம் முன்னதாகவே, 1600-ன் கடைசி நாளில், தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவிட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அங்கே சுமார் 200 வணிகர்கள் தங்களுக்குள் பணம் போட்டு, பயணத்துக்குப் பயணம் பிரித்துக்கொண்டார்கள். சேர்ந்த தொகையும் டச்சுக்காரர்கள் சேர்த்ததில் சுமார் பத்தில் ஒன்றுதான். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு ‘நீயும் போடு’ என்று சொன்ன புண்ணியம் டச்சுக்காரர்களுடையது.

ஆம்ஸ்டர்டாமில் இந்த வசூல் நடந்த இடம் பங்குச் சந்தை அல்ல. அப்படி ஒன்று அப்போது இல்லை. வங்கியும் அல்ல. நெஸ் என்ற தெருவில் டிர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீடு. ஆள் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவர். வீட்டில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு பேரேடு, பேரேட்டுக்குப் பின்னால் பாரெண்ட் லாம்பே என்ற கணக்குப்பிள்ளை. வருகிறவர் பெயரையும் தொகையையும் சொல்ல வேண்டும், எழுதிக்கொள்வார்கள். காசை உடனே கட்ட வேண்டியதில்லை. கப்பல் கட்டக் கட்ட, சில வருடங்களில் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். பங்குப் பத்திரம் என்று அழகான காகிதம் எதுவும் கையில் தரமாட்டார்கள். பேரேட்டில் உன் பெயர் இருக்கிறதா, நீ பங்குதாரர். அவ்வளவுதான். இன்றைக்கு டீமேட் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை அந்த மனுஷர்கள் இறகுப் பேனாவால் செய்திருக்கிறார்கள்.

ப்ராஸ்பெக்டஸ் கேட்காதீர்கள். இன்றைய ஐ.பி.ஓ.வில் ‘அபாயக் காரணிகள்’ என்று முப்பது நாற்பது பக்கம் போடுகிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை. அன்று எழுதவே ஆளில்லை. எழுதியிருந்தால் என்னவெல்லாம் வந்திருக்கும்? கப்பல் மூழ்கலாம். மூழ்காவிட்டால் மாலுமிகள் ஸ்கர்வியில் சாகலாம். சாகாவிட்டால் போர்ச்சுக்கல்காரன் சுடலாம். இவை எல்லாவற்றிலிருந்தும் தப்பினால் டைரக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்பள முறை அப்படி. கப்பலைத் தயார்செய்ய ஆகும் செலவில் 1 சதவீதம், திரும்பி வரும் சரக்கின் விற்பனையில் 1 சதவீதம். லாபத்தில் அல்ல, செலவில்! செலவு ஏற ஏற டைரக்டருக்கு வருமானம் ஏறும். பணம் போடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அபாய அறிவிப்பை எந்த வக்கீலாலும் எழுத முடியாது.

வசூலின் கடைசி நாள் ஆகஸ்ட் 31. வணிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். ஐசக் லெ மேர் என்பவர் 85,000 கில்டர் எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் அவர்தான் முதலிடம். பின்னால் வரப்போகிறார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் எல்லாம் வந்து போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு ஜீவன் உண்டு. டிர்க் வான் ஓஸ் வீட்டு வேலைக்காரி நேல்ட்கென் கோர்னெலிஸ். நாள் கூலி அரை கில்டர்கூடத் தேறாது. வருகிற கனவான்கள் ஆளாளுக்குப் பேரேட்டில் பெயர் எழுதிவிட்டு, இப்போதே ஜாதிக்காய் மலையில் ஏறி உட்கார்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? கடைசி நாள் ராத்திரி, கதவைச் சாத்துகிற நேரத்தில், 100 கில்டர் தன் பெயரில் எழுதச் சொன்னாள். ஒரு நாள் கூலியைக்கூடச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் சேர்த்தாலும் இருநூறு நாளுக்கு மேல் உழைத்தால்தான் அந்தத் தொகை வரும். ‘எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் விட்டுவிடுவோமோ’ என்கிற நோய்க்கு வரலாற்றில் பெயரோடு பதிவான முதல் சில்லறை முதலீட்டாளர் இந்த நேல்ட்கென்தான் என்பது என் கட்சி.

வசூலை முடித்து எண்ணினால் ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர், 36 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம் கில்டர். ஆறு நகரங்களும் சேர்ந்து 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஓவர்-சப்ஸ்கிரிப்ஷன் என்ற தொல்லையே இல்லை; மேல் வரம்பு இல்லாததால் கேட்டவருக்கெல்லாம் கேட்டது கிடைத்தது. குலுக்கல் இல்லாத ஐ.பி.ஓ. என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

பணம் போட்டவர்களுக்குப் பட்டயத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. பத்து வருடம் பொறு. 1612-ல் மொத்தக் கணக்கையும் காட்டுவோம். வேண்டுமானால் உன் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம். அதற்கு முன்னால் அவசரம் என்றால்? பேரேட்டின் முதல் பக்கத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்: கணக்குப்பிள்ளையிடம் வந்து உன் பங்கை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்குபவரும் விற்பவரும் நேரில் வர வேண்டும், டைரக்டர்கள் இருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரிதான் பங்குச் சந்தையைப் பெற்ற தாய். முதல் தவணையைக் கட்டும் முன்பே ஆட்கள் பங்கைக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நியூவ ப்ரூக் என்ற பாலத்தின் மேல் நின்று பேரம் பேசினார்கள். மழை வந்தால் பக்கத்துச் சர்ச்சுக்குள் ஓடினார்கள். வணிகத்துக்கென்று தனிக் கட்டடம் 1611-ல்தான் வந்தது. அதுவரை கர்த்தருடைய சந்நிதியில் மிளகுக் கம்பெனிப் பங்கு விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் கம்பெனி தன் உண்மையான தொழில் என்ன என்று காட்டிவிட்டது. 1603 பிப்ரவரியில் சிங்கப்பூர் பக்கத்தில் யாகோப் வான் ஹேம்ஸ்கெர்க் என்ற தளபதி, சாந்தா கத்தரீனா என்ற போர்ச்சுக்கல் கப்பலை மடக்கிப் பிடித்தார். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த கப்பல். ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதில் 30 லட்சம் கில்டருக்கு மேல் தேறியது. அதாவது மொத்தக் கம்பெனியும் ஊரெல்லாம் கெஞ்சிச் சேர்த்த மூலதனத்தில் ஏறக்குறையப் பாதி, ஒரே நாள் கொள்ளையில். பங்குதாரர்களில் மென்னோனைட் சபையைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். கத்தியைக் கையால் தொடுவதும் பாவம் என்று நம்புகிறவர்கள். ‘ஐயா, மிளகு வியாபாரம் என்றுதானே சொன்னீர்கள்?’ என்று கேட்டார்கள். கம்பெனி என்ன செய்தது? கொள்ளை தர்மமே என்று எழுதித் தர ஒரு கெட்டிக்கார வக்கீலைப் பிடித்தது. பெயர் ஹ்யூகோ க்ரோஷியஸ், வயது இருபதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. அந்தப் பையன் எழுதியதில் ஒரு பகுதிதான் 1609-ல் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலாக வந்தது. சர்வதேசச் சட்டத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று என்று சட்டக் கல்லூரியில் பாடமாக இருக்கிறதே, அதேதான். மனசாட்சி உறுத்திய சபைக்காரர்கள் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

இப்போது ஐசக் லெ மேர். 85,000 கில்டர் போட்ட பெரிய மனிதர், டைரக்டரும்கூட. செலவுக் கணக்கில் சந்தேகம் கிளம்பி, சக டைரக்டர்களோடு சண்டை முற்றி, 1605-ல் கம்பெனியை விட்டு வெளியேறினார் அல்லது வெளியேற்றப்பட்டார். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. போகும்போது இதே தொழிலில் போட்டியாக இறங்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மனுஷர் நாலு வருடம் கறுவிக்கொண்டே இருந்துவிட்டு, 1609-ல் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கம்பெனி நிர்வாகம் சரியில்லை, கப்பலை எல்லாம் சும்மா வைத்திருக்கிறது என்று ஓல்டன்பார்னவெல்டுக்கு நீளமாக ஒரு மனு. பங்குதாரர் எழுதிய உலகத்தின் முதல் மொட்டைக் கடிதம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டாவது காரியத்தில் கையெழுத்துக் கிடையாது. கூட்டாளிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஒரு கூட்டு வைத்தார். தொழில், தங்களிடம் இல்லாத பங்கை விற்பது.

புரியாதவர்களுக்காக. ‘இன்றைய விலைக்கு, அடுத்த வருடம் இதே நாளில் உனக்குப் பங்கு தருகிறேன்’ என்று ஒப்பந்தம் போட வேண்டும். கையில் ஒரு பங்கும் இருக்காது. ஒப்பந்தத்துக்கும் கெடுவுக்கும் நடுவில் விலை விழுந்தால் சல்லிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை மடியில் கட்டிக்கொள்ளலாம். விலை தானாக விழாவிட்டால்? அதற்குத்தானே கடவுள் வாயைக் கொடுத்திருக்கிறார். ‘கப்பல் மூழ்கிவிட்டதாமே’, ‘கடன் கழுத்தை நெரிக்கிறதாமே’ என்று பாலத்தின் மேல் காற்று வாங்கிக்கொண்டே நாலு பேர் காதில் போட்டால் போதும். 100 கில்டர் பங்குக்கு 1607-ல் 200-ஐத் தாண்டி இருந்த விலை, 1610-ல் 130-க்கும் கீழே வந்தது.

பதினேழு கனவான்கள் அலறியடித்துக்கொண்டு அரசாங்கத்திடம் ஓடினார்கள். அவர்கள் கொடுத்த மனுவில் யாருக்காகக் கண்ணீர் வடித்தார்கள் தெரியுமா? விதவைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும். பாவம், அவர்களெல்லாம் இந்தப் பங்கை நம்பி இருக்கிறார்களே, இந்தப் படுபாவிகள் விலையை இறக்கி வயிற்றில் அடிக்கிறார்களே என்று. செலவில் சதவீதம் வாங்குகிறபோது ஞாபகம் வராத விதவைகள், விலை இறங்கியதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் பதில் மனு போட்டார்கள்: விலை விழுவது எங்கள் வாயால் அல்ல, உங்கள் நிர்வாகத்தால், எங்கே, கணக்கைக் காட்டுங்கள் பார்ப்போம். கணக்கு என்ற சொல்லைக் கேட்டால் கனவான்களுக்குக் காது கேட்காது. 1610 பிப்ரவரி 27 அன்று அரசாங்கம் கையில் இல்லாத பங்கை விற்பதற்குத் தடை போட்டது. விற்ற பங்கை ஒரு மாதத்துக்குள் பேரேட்டில் மாற்றிக் கொடுக்க வேண்டும். தடை போட்டதும் எல்லோரும் நிறுத்திவிட்டார்களா என்று கேட்பீர்களானால், நீங்கள் இந்தச் சந்தைக்குப் புதிது. தடைக்கும் மேலே தடை என்று அந்த நூற்றாண்டு முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் லட்சணம் தெரியும்.

விலை பிறகு ஏறிவிட்டது. லெ மேரின் கூட்டாளிகள் சிலர் திவாலானார்கள். அவர் எக்மண்ட் என்ற கிராமத்தில் போய் ஒதுங்கினார். அங்கிருந்தும் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் ஏகபோகத்தில் ஓட்டை கண்டுபிடித்து, தென் அமெரிக்காவைச் சுற்றிப் புதுவழி காண மகன் யாகோப்பைக் கப்பலில் அனுப்பினார். 1616-ல் கேப் ஹோர்னைச் சுற்றி முதன்முதலில் போனது அந்தக் கப்பல்தான். ஜாவா போய்ச் சேர்ந்ததும் கம்பெனி ஆட்கள் நம்பாமல் கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். மகன் ஊர் திரும்பும் வழியில் செத்துப்போனான். லெ மேர் 1624-ல் இறந்தார். இருபத்திரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவர் கல்லறைக் கல்லில், ஆண்டவன் அருளால் முப்பது வருடத்தில் லட்சக்கணக்கான கில்டரைத் தொலைத்தவர், ஆனாலும் மானத்தைத் தொலைக்காதவர் என்று பொருள்பட எழுதி வைத்திருக்கிறார்கள். சாவுக்குப் பிறகும் நஷ்டக் கணக்கை ஒளிக்காமல் வெளியிட்ட ஒரே டைரக்டர் அவர்தான்.

சரி, லாபம் என்ன ஆயிற்று? முதல் எட்டு வருடம் பெரும்பாலும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் 1610-ல் முதல் டிவிடெண்ட் அறிவித்தார்கள்: போட்ட பணத்தில் 75 சதவீதம்! கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிளந்த வாயில் வந்து விழுந்தது ஜாதிபத்திரி. ஆமாம், ஜாதிக்காயின் மேல் சிவப்பாகச் சுற்றியிருக்குமே, பிரியாணியில் போடுவோமே, அதேதான். கம்பெனிக் கிடங்கில் விற்காமல் மலையாகக் குவிந்து கிடந்த சரக்கைக் கம்பெனி போட்ட விலையில் பங்குதாரர் தலையில் கட்டிவிட்டார்கள். 100 கில்டர் போட்ட வேலைக்காரிக்கு 75 கில்டருக்கு ஜாதிபத்திரி என்றால் அவள் எத்தனை தலைமுறைக்குச் சமைப்பாள்? எல்லோரும் ஒரே சமயத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடியதால் விலை சரிந்தது. அந்த வருடக் கடைசியில் இன்னொரு தவணை வந்தது. இந்த முறை 50 சதவீதம் மிளகு. ஏழரை சதவீதம் மட்டும் ரொக்கம். ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே எனக்கும் தோன்றியது.

1612-ம் வந்தது. பத்து வருடக் கெடு முடிந்தது. கணக்கைக் காட்டி, கேட்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர வேண்டிய நாள். கனவான்கள் மறுபடி அரசாங்கத்திடம் போனார்கள். இப்போது பணத்தைப் பிரித்தால் கோட்டைகளை என்ன செய்வது, பீரங்கிகளை என்ன செய்வது, ஸ்பெயின்காரன் சிரிக்கமாட்டானா என்றார்கள். அரசாங்கம் ‘சரி, தர வேண்டாம்’ என்றது. பட்டயத்தில் எழுதிய வாக்குறுதி அன்றோடு போயிற்று. போட்ட பணம் இனிக் கம்பெனியிடமிருந்து வராது. வேண்டுமானால் உன்னைப் போலவே ஆசைப்படுகிற இன்னொருவனைக் கண்டுபிடித்து அவனிடம் விற்றுக்கொள். இன்றைக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பங்குச் சந்தைகளும் நடப்பது இந்த ஏற்பாட்டில்தான். இதை நிதி மேதைகள் யோசித்துக் கண்டுபிடித்ததாகப் பாடப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். உண்மையில் அது கடனைத் திருப்பித் தராதவனுக்கு ஊர்ப் பெரியவர் வக்காலத்து வாங்கியதால் வந்தது.

பங்குதாரர்கள் பொருமினார்கள். 1622-ல் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. கனவான்கள் கணக்குப் புத்தகத்தில் பன்றிக் கொழுப்பைத் தடவி நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் காட்ட முடியவில்லை என்று அதில் ஒன்று கிண்டலடித்தது. அடுத்த ஆண்டு பட்டயத்தைப் புதுப்பித்தபோது அரசாங்கம் சில சில்லறைத் திருத்தங்களைச் செய்துவிட்டு, இன்னொரு 21 வருடத்துக்கு ஏகபோகத்தை நீட்டித்தது.

அந்த ஜாதிபத்திரி எங்கிருந்து வந்தது என்பதில் கிண்டலுக்கு இடமில்லை. 1621-ல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல், ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளில் படையோடு இறங்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தீவுகளில் கடைசியில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். நம் கரைக்கும் இதில் தொடர்பு உண்டு. மசாலாத் தீவுக்காரர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். ஆகவே கம்பெனி 1610-ல் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தது, கெல்ட்ரியா என்று கோட்டை கட்டியது. 1658-ல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் போர்ச்சுக்கல்காரர்களிடமிருந்து பிடுங்கியது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை, அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். ஆம்ஸ்டர்டாம் பங்குதாரருக்கு இதெல்லாம் தெரியாது. கணக்கே தெரியாதவருக்கு இது எப்படித் தெரியும்?

அரசாங்கம் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கம்பெனியும் சாகாது. இது ஏறக்குறைய இருநூறு வருடம் சாகவில்லை. 1790-களில் நாட்டின் அரசே கவிழ்ந்தபோது புது அரசு கம்பெனியைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1799-ன் கடைசி நாளோடு பட்டயம் முடிந்தது. மிச்சமிருந்தது 10 கோடி கில்டருக்கு மேல் கடன். லாபம் வந்தபோது மிளகைப் பிரித்துக்கொண்டார்கள். கடன் வந்தபோது வரி கட்டுகிறவர்களோடு பிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயரைச் சுருக்கினால் வருகிற மூன்று எழுத்து வி.ஓ.சி. கம்பெனி ஆண்ட அதே தூத்துக்குடியில் இன்னொரு வி.ஓ.சி. 1906-ல் ஒரு கப்பல் கம்பெனிக்குப் பங்கு விற்றார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பீரங்கி கிடையாது, ஏகபோகம் கிடையாது, கொள்ளை கிடையாது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடுவது, டிக்கெட் கொடுப்பது, அவ்வளவுதான் தொழில். போட்டிக்கு இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, இலவசமாக ஏற்றிப் பார்த்தது, குடையும் கொடுத்துப் பார்த்தது. முதல் வி.ஓ.சி.க்கு நெருக்கடி வந்தபோதெல்லாம் அரசாங்கம் வந்து சட்டத்தை வளைத்துக் கொடுத்தது. இரண்டாமவருக்கும் அரசாங்கம் வந்தது. 1908-ல் அவரைக் கைது செய்து இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். பங்குதாரர்கள் 25 ரூபாய் போட்டு வாங்கிய காலியா கப்பல், போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.